அவுரி: பச்சை இலையிலிருந்து வந்த நீலத்தின் வரலாறு

அவுரி என்பது வெப்பமண்டல நாடுகளில் வளரும் ஒரு குறுஞ்செடி. தாவரவியலில் இதன் பெயர் இன்டிகோஃபெரா டிங்டோரியா. அவரை, உளுந்து, கொளுஞ்சி ஆகியவை அடங்கிய ஃபேபேசியே குடும்பத்தைச் சேர்ந்தது. தமிழில் நீலி என்ற பெயரும் இதற்கு உண்டு. உலகம் பல நூற்றாண்டுகள் துணிக்கு ஏற்றிய ஆழ்ந்த நீல நிறம் பெரும்பாலும் இச்செடியிலிருந்தும் இதன் இனத்தைச் சேர்ந்த சில செடிகளிலிருந்துமே கிடைத்தது. ஆனால் வயலில் நிற்கும் அவுரியைப் பார்ப்பவர் அதில் நீலம் இருப்பதாக எண்ணமாட்டார். இலை பச்சை, பூ இளஞ்சிவப்பு. இலையைப் பறித்து, ஊறவைத்து, நொதிக்கவிட்டு, அந்நீரைக் காற்றுப்படும்படி அடித்த பிறகே நீலம் வெளிப்படும். அறுத்த தழையை உடனே ஊறப்போடவும் வேண்டும். வேளாண்மை சார்ந்த சிறு செய்தியாகத் தோன்றும் இந்த அவசரம், வங்காளத்திலும் பீகாரிலும் இலட்சக்கணக்கான உழவர்களின் வாழ்வை நிர்ணயித்த காரணங்களுள் ஒன்றாயிற்று.

செடியும் சாயமும்

அவுரி ஒன்று முதல் இரண்டு மீட்டர் உயரம் வரை கிளைத்து வளரும். இலைகள் கூட்டிலைகள், ஒரு காம்பின் இருபுறமும் சிற்றிலைகள் இணையிணையாக அமைந்து நுனியில் ஒன்று தனித்து நிற்கும். இலைக்கக்கத்திலிருந்து பூங்கொத்துகள் தோன்றும். காய்கள் மெலிந்து உருண்டு, முற்றும்போது பழுப்பாகும். வேரில் முடிச்சுகள் உண்டு. அவற்றில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரசனை மண்ணுக்குச் சேர்க்கின்றன. அதனால் நெல் வயல்களில் பசுந்தாள் உரமாகவும் அவுரி பயிரிடப்படுகிறது. முதல் சில வாரங்கள் மெதுவாக வளர்ந்தாலும் வேரூன்றிய பின் ஓரிரு தண்ணீரிலேயே தாக்குப்பிடிக்கும்.

மாணவர்கள் ஒரு பெயர்க் குழப்பத்தை அறிந்துகொள்வது நல்லது. தென்மாவட்டங்களில் மலமிளக்கும் மருந்தாக ஏற்றுமதியாகும் நிலாவாரையையும் அவுரி என்றே சொல்லும் வழக்கு இருக்கிறது. அதன் பூ மஞ்சள். அதில் நீலச் சாயம் இல்லை. சாய அவுரி வேறு, அது வேறு. அதுபோலச் சலவைக்குக் கலக்கும் இன்றைய சொட்டு நீலமும் அவுரியிலிருந்து வருவதன்று.

சாயம் உண்டாகும் முறை வேதியியல் பாடத்திற்கு மிக நல்ல எடுத்துக்காட்டு. இலையில் இருப்பது இன்டிகன் என்ற நிறமற்ற பொருள். இது சர்க்கரையோடு பிணைந்த ஒரு சேர்மம். தழையை நீரில் ஊறவைத்தால் நொதிகள் இந்தப் பிணைப்பை அறுக்கின்றன. பிரிந்து வரும் இன்டாக்சில் நீரில் கரைந்து மஞ்சட்பச்சையாக நிற்கும். அந்நீரை வேறு தொட்டிக்கு மாற்றித் துடுப்பாலோ கைகாலாலோ அடித்தால் காற்றிலுள்ள ஆக்சிசன் கலக்கும். இரண்டிரண்டு இன்டாக்சில் மூலக்கூறுகள் இணைந்து இன்டிகோடின் ஆகும். அதுவே நீலம். நீரில் கரையாததால் அது அடியில் வண்டலாகப் படியும். சுண்ணாம்பு நீர் சேர்த்தால் விரைவில் படியும். மேல் நீரை வடித்து, வண்டலைக் காய்ச்சி, அழுத்திப் பிழிந்து, கட்டிகளாக அறுத்து நிழலில் உலர்த்துவர். நூறு கிலோ பச்சைத் தழையிலிருந்து ஒரு கிலோ நீலம்கூடத் தேறுவதில்லை.

நீரில் கரையாத பொருள் துணியில் எப்படிப் பிடிக்கும்? சாயக்காரரின் திறமை இங்கேதான் வெளிப்படுகிறது. நீலக் கட்டியை அரைத்துச் சுண்ணாம்பு போன்ற காரப்பொருளோடு சாலில் இட்டு மீண்டும் நொதிக்கவிட வேண்டும். தென்னிந்தியாவில் நொதிப்புக்குத் தகரை விதையைச் சேர்ப்பது வழக்கம். சாலுக்குள் ஆக்சிசன் குறையும்போது நீலம் தன் நிறத்தை இழந்து கரைகிறது. அதில் முக்கி எடுத்த துணி முதலில் மஞ்சட்பச்சையாக இருக்கும். காற்றுப்பட்டதும் கண்முன்னே நீலமாக மாறும். நிறம் ஆழமாக வேண்டுமானால் பலமுறை முக்கி முக்கி உலர்த்துவர். நூலிழையின் இடுக்கில் மீண்டும் கரையாப் பொருளாக மாறித் தங்கிவிடுவதால் இச்சாயம் எளிதில் போவதில்லை.

பெயர் சென்ற வழி

கிரேக்கரும் உரோமரும் இப்பொருளை இந்தியாவிலிருந்து வந்தது என்ற பொருளில் 'இன்டிகோன்', 'இன்டிகம்' என்றனர். இன்டிகோ என்ற பெயரின் மூலம் அதுவே. உரோமரின் காலத்தில் இது துணிச்சாயமாக அன்றி ஓவிய வண்ணமாகவும் மருந்தாகவுமே பெரிதும் பயன்பட்டது. வடமொழியின் நீலம் என்ற சொல் அரபு மொழிக்குச் சென்று, அங்கிருந்து போர்த்துக்கீசியத்தில் 'அனில்' ஆயிற்று. 1840இல் ஃபிரிட்சே என்ற வேதியியலாளர் அவுரி நீலத்தைக் காரத்தோடு காய்ச்சி வடித்துப் பெற்ற எண்ணெய்க்கு அனிலின் என்று பெயரிட்டார். பிற்காலச் செயற்கைச் சாயத் தொழில் முழுவதும் இந்த அனிலினிலிருந்து வளர்ந்தது. அவுரியின் சந்தையை அழித்த தொழில், அவுரியின் பெயரையே சுமந்து நின்றது ஒரு வேடிக்கை.

ஐரோப்பாவில் இதே நீலத்தைத் தரும் வோடு என்ற செடி உண்டு. பிரான்சின் துலூசு வட்டாரமும் செருமனியின் துரிங்கியாவும் அதை விளைத்துச் செல்வம் சேர்த்தன. வோடு இலையில் சாயம் மிகக் குறைவு. வாஸ்கோ ட காமா 1498இல் கடல்வழியாக இந்தியாவை அடைந்த பின், ஆக்ராவுக்கு அருகிலுள்ள பயானாவிலிருந்தும் அகமதாபாத்துக்கு அருகிலுள்ள சர்கேஜிலிருந்தும் அவுரி நீலம் கப்பல்களில் சென்றது. வோடு விளைத்தவர்களும் வணிகர்களும் கொதித்தெழுந்தனர். பிரான்சிலும் செருமனியிலும் இந்திய நீலத்திற்குத் தடைகள் விதிக்கப்பட்டன. சாயக்காரர்களோ மலிவான, செறிவான நீலத்தை விடவில்லை. தடைகள் நாளடைவில் தளர்ந்தன.

ஐரோப்பியர் பின்னர் இப்பயிரைத் தங்கள் அமெரிக்கக் குடியேற்றங்களுக்கும் கொண்டுசென்றனர். பிரெஞ்சுக்காரரின் செயின்ட் டொமிங்கோவிலும் ஆங்கிலேயரின் தென் கரோலினாவிலும் ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களே நீலம் எடுத்தனர். அமெரிக்க விடுதலைப் போரால் கரோலினா பிரிட்டனின் கையைவிட்டுப் போனது. 1791இல் தொடங்கிய அடிமைகளின் புரட்சியால் செயின்ட் டொமிங்கோவின் தோட்டங்கள் அழிந்தன. அப்போது பிரிட்டனில் பருத்தி ஆலைகள் பெருகிவந்த நேரம். நீலத்தின் தேவையும் பெருகியது. கிழக்கிந்தியக் கம்பெனியின் பார்வை வங்காளத்தின் மீது விழுந்தது.

வங்காளத்தில் நடந்தது

லூயி போனோ என்ற பிரெஞ்சுக்காரர் 1777இல் சந்தன்நகர் பகுதியில் ஐரோப்பிய முறையில் அவுரி பயிரிடத் தொடங்கினார். 1788இல் பிரிட்டனுக்கு இறக்குமதியான நீலத்தில் ஏறத்தாழ 30 விழுக்காடுதான் இந்தியாவிலிருந்து சென்றது. 1810இல் அது 95 விழுக்காடாயிற்று.

ஆலை முதலாளிகளுக்கு இரு வழிகள் இருந்தன. ஒன்று, தாமே நிலம் பெற்றுக் கூலியாட்களைக் கொண்டு பயிரிடும் நிஜ் முறை. மற்றொன்று, குடியானவரின் நிலத்தில் குடியானவரைக் கொண்டே பயிரிடச் செய்யும் ரயத்தி முறை. முதல் முறையில் ஒரு பீகா நிலத்திற்கு இரண்டு ஏர் வேண்டும். ஆயிரம் பீகா என்றால் இரண்டாயிரம் ஏர். அத்தனை ஏரும் மாடும் வாங்கிப் பராமரிப்பது பெருஞ்செலவு. நெல் உழவு நடக்கும் அதே பருவத்தில் அவற்றை வாடகைக்குப் பிடிப்பதும் இயலாது. எனவே பெரும்பகுதி ரயத்தி முறையிலேயே நடந்தது.

ஊறவைக்கும் அவசரத்தின் விளைவை இங்கே காணலாம். அறுத்த தழை வாடினால் சாயம் குறையும். ஆகவே ஆலையைச் சுற்றி எட்டும் தொலைவில் இருந்த வயல்கள்தாம் முதலாளிக்குப் பயன்பட்டன. அவ்வட்டத்துக்குள் நிலம் வைத்திருந்த குடியானவரை அவர் எளிதில் விடமாட்டார். குடியானவருக்கோ பச்சைத் தழையை வேறு சந்தைக்குக் கொண்டுபோய் விற்க வழியில்லை. வாங்குபவர் ஒருவரே என்றால் விலை சொல்பவரும் அவரே.

சட்டா எனப்படும் ஒப்பந்தத்தில் கைநாட்டுப் பெற்று முன்பணம் கொடுப்பர். முன்பணம் வாங்கியவர் தம் நிலத்தில் குறைந்தது நான்கில் ஒரு பங்கில் அவுரி விதைக்க வேண்டும். விதையும் விதைக்கும் கருவியும் முதலாளி தருவார். உழவு, விதைப்பு, காவல் எல்லாம் குடியானவர் பொறுப்பு. அறுவடையானதும் தழைக்கு மிகக் குறைந்த விலை போட்டுக் கணக்குப் பார்த்தால் பழைய கடன் அடையாது. புதிய முன்பணம் ஏறும். அதோடு நல்ல நெல் நிலத்திலேயே அவுரி விதைக்கும்படி முதலாளிகள் வற்புறுத்தினர். அவுரி நிலத்தைச் சலிக்கச் செய்கிறது, அடுத்து நெல் விளைவதில்லை என்பது வங்காளக் குடியானவரின் முறையீடு. மண்ணை வளப்படுத்தும் பயிருக்கா இந்தக் குற்றச்சாட்டு என்று வியக்கத் தோன்றும். வளம் சேர்ப்பது தழையை அதே நிலத்தில் மடக்கி உழும்போது. தழை முழுவதும் ஆலைக்குப் போனால் நிலத்துக்கு மிஞ்சுவது கட்டைதான்.

ஆலைக்குள் உழைத்தவர்களின் நிலையும் கடுமையானது. ஊறிய நீரை அடிப்பதற்கு ஆட்கள் இடுப்பளவு நாற்ற நீரில் மணிக்கணக்கில் நிற்க வேண்டியிருந்தது.

1859 மார்ச்சு மாதம் ஆயிரக்கணக்கான குடியானவர்கள் அவுரி விதைக்க மறுத்தனர். நதியா மாவட்டத்துச் சவுகாச்சா ஊரின் விஷ்ணுசரண் விஸ்வாசும் திகம்பர் விஸ்வாசும் இதில் முன்னின்றவர்கள். குடியானவர் வாடகை தர மறுத்தனர், ஆலைகள் தாக்கப்பட்டன, முதலாளியின் தடியாட்களை ஊரார் ஈட்டியோடு எதிர்கொண்டனர். பெண்களும் வீட்டுப் பாத்திரங்களை ஆயுதமாக எடுத்து வந்தனர். 1857இன் பெரும் எழுச்சி அடங்கிச் சில மாதங்களே ஆகியிருந்ததால் அரசு அஞ்சியது. 1860இல் செட்டன்-கார் தலைமையில் ஓர் ஆணையம் அமைத்தது. முதலாளிகள் வன்முறையைக் கையாண்டது உண்மை என்றும், அவுரி குடியானவருக்கு ஆதாயமற்ற பயிர் என்றும் ஆணையம் கண்டது. கையெழுத்திட்ட ஒப்பந்தத்தை நிறைவேற்றிவிட்டு, இனிமேல் விதைக்க மறுக்கலாம் என்று குடியானவரிடம் கூறியது.

அதே ஆண்டு தீனபந்து மித்ராவின் 'நீல் தர்ப்பண்' நாடகம் தாக்காவில் வெளியாயிற்று. அதன் ஆங்கில மொழிபெயர்ப்பை வெளியிட்டதற்காகச் சமயப் பணியாளர் ஜேம்சு லாங் மீது முதலாளிகள் அவதூறு வழக்குத் தொடுத்தனர். 1861இல் அவருக்கு ஒரு மாதச் சிறையும் ஆயிரம் ரூபாய் தண்டமும் விதிக்கப்பட்டன. தண்டத் தொகையை எழுத்தாளர் காளிபிரசன்ன சிங்கர் நீதிமன்றத்திலேயே கட்டினார். வங்காளத்தில் அவுரி சாய்ந்தது. முதலாளிகள் பீகாருக்கு நகர்ந்தனர்.

சென்னை மாகாணத்தில் ஏன் வேறாக இருந்தது

சென்னை மாகாணத்திலும் அவுரி பெரும்பயிர்தான். தென்னார்க்காடு, கடப்பை, கர்நூல், நெல்லூர் மாவட்டங்களில் மிகுதியாக விளைந்தது. சென்னை நீலம் வங்காள நீலத்தைவிடத் தரத்திலும் விலையிலும் தாழ்ந்ததாகவே வணிகர்களால் மதிக்கப்பட்டது. ஆயினும் வங்காளம் கண்டது போன்ற ஓர் அவுரிக் கலகம் இங்கு எழவில்லை. பாடநூல்கள் வங்காளத்தையும் சம்பாரணையும் சொல்லி நின்றுவிடுவதால் இந்த வேறுபாடு மாணவர் கண்ணில் படுவதில்லை.

நில உரிமை முறை ஒரு காரணம். இங்கே பெரும்பகுதி இரயத்துவாரி நிலம். உழவர் அரசுக்கு நேரே வரி கட்டினார். இடையில் ஒரு சமீன்தாரிடம் கிராமத்தையே குத்தகைக்கு எடுத்து, குடிகளைக் கைக்குள் கொண்டுவரும் வழி முதலாளிக்கு எளிதாகக் கிட்டவில்லை. மற்றொரு காரணம் சாயம் எடுத்த முறை. சோழமண்டலக் கரையில் பச்சைத் தழையை ஊறவைக்கும் முறையோடு உலர் இலை முறையும் வழங்கியது. அறுத்த செடியை வெயிலில் காயவைத்து, இலையை அடித்து உதிர்த்து, சில வாரங்கள் சேமித்து வைப்பர். பச்சை மங்கிச் சாம்பல் நீலம் ஏறிய பிறகு ஊறவைப்பர். உலர்ந்த இலையைச் சில மணி நேரம் ஊறவைத்தால் போதும். உலர் இலையை மூட்டை கட்டலாம். விலை படியாவிட்டால் சில நாள் வைத்திருக்கலாம். அடுத்த ஊர்த் தொட்டிக்காரரிடம் கொண்டுபோகலாம். சிறு சிறு தொட்டிகள் ஊர்களில் பரவிக்கிடந்தன. இங்கும் வணிகரிடம் முன்பணம் வாங்கிக் கடன்பட்ட உழவர் உண்டு. ஐரோப்பிய வணிக நிறுவனங்களும் இத்தொழிலில் இருந்தன. ஆனால் பயிரை விதைப்பதா வேண்டாமா என்பது பெரும்பாலும் உழவர் கையில் இருந்தது. இந்த ஓர் உரிமைக்காகத்தான் நதியாவின் குடியானவர்கள் ஈட்டி ஏந்தினர்.

இந்த நீலம் கட்டியாக மட்டும் கப்பலேறவில்லை. சோழமண்டலக் கரையின் வண்ணத் துணிகளில் நீலம் ஏற்றுவது தனித் தொழிலாக இருந்தது. நீலம் பட வேண்டிய இடம் தவிர மற்ற இடமெல்லாம் மெழுகு பூசித் துணியை நீலச் சாயக்காரரிடம் கொடுத்து வாங்குவர். இம்முறையை இயேசு சபைக் குரு கேர்து அடிகள் 1742இல் எழுதிய கடிதத்தில் ஐரோப்பியருக்கு விளக்கினார். புதுச்சேரி வட்டாரத்தில் ஆழ்நீலம் ஏற்றிய முரட்டுப் பருத்தித் துணிக்குப் பிரெஞ்சுக்காரர் 'கினே' என்று பெயர் வைத்தனர். அது மேற்கு ஆப்பிரிக்காவின் செனகல் ஆற்றங்கரை வரை சென்றது. அங்கே வேலம்பிசின் வாங்குவதற்கு இத்துணியே பணமாகப் பயன்பட்டது.

ஆய்வகத்திலிருந்து வந்த அடி

செருமன் வேதியியலாளர் அடால்ஃப் ஃபான் பேயர் 1865 முதல் நீலத்தை ஆராய்ந்து, 1883இல் அதன் மூலக்கூறு அமைப்பைக் கண்டறிந்தார். ஆய்வகத்தில் செய்வதும் மலிவாகச் செய்வதும் வேறு வேறு. பி.ஏ.எஸ்.எஃப். நிறுவனம் ஏறத்தாழ 1 கோடியே 80 இலட்சம் தங்க மார்க்கு செலவிட்டு, ஹியூமன் கண்ட வழியை மேம்படுத்தி, 1897இல் செயற்கை நீலத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அவ்வாண்டில் தாவரங்களிலிருந்து கிடைத்த நீலம் 19,000 டன். 1914இல் அது 1,000 டன்னாகச் சரிந்தது.

இந்தச் சரிவின் சுமையும் குடியானவர் தலையிலேயே விழுந்தது. பீகாரின் சம்பாரண் மாவட்டத்தில் தின்கதியா என்ற முறை இருந்தது. இருபது கட்டா கொண்ட ஒரு பீகாவில் மூன்று கட்டாவில் அவுரி விதைத்தே ஆகவேண்டும். விலை வீழ்ந்ததும் அவுரி முதலாளிகளுக்கே வேண்டாததாயிற்று. அப்போதும் அவர்கள் குடியானவரைச் சும்மா விடவில்லை. விதைக்கும் கடமையிலிருந்து விடுவிப்பதற்கு ஈடாக வாடகையை உயர்த்தினர்; சிலரிடம் ஒரே தொகையாக வசூலித்தனர். விளையும்போதும் இழப்பு, விளைவதை நிறுத்தினாலும் இழப்பு.

இராஜ்குமார் சுக்லா என்ற உழவரின் விடாத வேண்டுகோளால் காந்தியடிகள் 1917 ஏப்ரலில் சம்பாரண் சென்றார். மாவட்டத்தை விட்டு வெளியேறும்படி இட்ட ஆணையை ஏற்க மறுத்து மோதிகாரி நீதிமன்றத்தில் நின்றார். அரசு வழக்கைத் திரும்பப் பெற்றது. ஆயிரக்கணக்கான குடியானவரிடம் வாக்குமூலம் எழுதி வாங்கப்பட்டது. விசாரணைக் குழுவில் காந்தியடிகளும் உறுப்பினரானார். முதலாளிகள் வசூலித்த தொகையில் 25 விழுக்காட்டைத் திருப்பித் தர உடன்பாடாயிற்று. 1918இன் சம்பாரண் வேளாண்மைச் சட்டம் தின்கதியா முறையை ஒழித்தது.

இன்றைய சாகுபடி

தமிழ்நாட்டில் திண்டிவனம், விழுப்புரம் வட்டாரங்களில் அவுரிச் சாகுபடி இன்றும் இருக்கிறது. விதையின் தோல் கடினமானது. மணலோடு தேய்த்து விதைத்தால் நன்றாக முளைக்கும். நீர் தேங்கும் நிலம் ஆகாது. விதைத்து ஏறக்குறைய மூன்று மாதத்தில், பூக்கத் தொடங்கும்போது முதல் அறுவடை. காய் பிடிக்கவிட்டால் இலையில் சாயம் குறைந்துவிடும். அடியில் ஒரு சாண் கட்டையை விட்டு அறுத்தால் மீண்டும் தழைத்து அடுத்த அறுவடைக்கு வரும். ஊறிய தழைச் சக்கை நெல் வயலுக்கு எருவாகிறது.

சித்த மருத்துவத்தில் நஞ்சு முறிக்கும் மூலிகையாக அவுரி சொல்லப்படுகிறது. முடித் தைலங்களிலும் இலைச்சாறு சேர்கிறது. இன்று விளையும் இலையில் கணிசமான பகுதி தொட்டிக்குப் போகாமல் பொடியாகிறது. நரைமுடிக்கு முதலில் மருதாணி பூசிக் கழுவி, பின் அவுரிப் பொடியைக் குழைத்துப் பூசினால் முடி கருமையடையும். பொடியை வெந்நீரில் கரைத்து நெடுநேரம் வைக்கக் கூடாது. குழைத்த சிறிது நேரத்தில் பூசிவிட வேண்டும். வைத்துவிட்டால் காற்றுப்பட்டு நீலம் கிண்ணத்திலேயே உருவாகிவிடும், முடியில் ஏறாது.

உலகின் நீலக் கால்சட்டைத் துணிக்கு ஏறும் சாயம் ஏறத்தாழ முழுவதும் ஆலையில் செய்த செயற்கை நீலம். அதைக் கரைக்கப் பயன்படும் வேதிப்பொருள்கள் கழிவுநீரில் கலப்பதால், செடியின் நீலத்தை விரும்பி வாங்கும் சிறு நெசவாளர்களும் துணி வணிகர்களும் மீண்டும் தோன்றியிருக்கின்றனர். அவர்களுக்காகத் தமிழ்நாட்டில் சில தொட்டிகளில் தழை ஊறுகிறது. காலையில் அறுத்த தழை, பழைய முறைப்படியே, அன்றே தொட்டிக்கு வந்துசேர்கிறது.